தாயார் விட்டுச்சென்ற வீட்டுச் சாமான்களை விற்பது பற்றி

வணக்கம் சகோதரி. இலங்கை மலையகத்தின் ஹட்டனில் உள்ள தாயாரின் வீட்டுச் சாமான்களைப் பிள்ளைகள் மூவருமே விலை போட்டு விற்க நினைப்பதாகவும், கருமாதி முடிந்த கையோடு பித்தளைச் சாமான்களைக் கேட்டு ஒரு வியாபாரி வந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இப்போது எதையும் கொடுக்க வேண்டாம். குத்துவிளக்கையும் அண்டாவையும் நிறுத்துப் பார்த்து வெறும் உலோக விலைக்கே கேட்பார்.

முதலில் அறை அறையாகப் பட்டியல் எழுதி, யாருக்கு எது வேண்டும் என்பதை மூவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலுள்ள அக்காவுக்கு வீடியோ அழைப்பில் காட்டலாம்.

எனக்குப் பெரிய கவலை பழைய காகிதங்களைப் பற்றியதுதான். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழோ, இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை குறித்து இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியாகவோ உங்கள் பெரியவர்கள் பெற்ற குடியுரிமைச் சான்றிதழ்கள் அலுமாரியின் இழுப்பறையில் கிடந்து, அந்த அலுமாரியோடேயே விலைபோய்விட்டால், எந்தப் பணமும் அந்த இழப்பை ஈடுசெய்யாது. ஆகவே ஒவ்வோர் இழுப்பறையையும் முழுதாக வெளியே இழுத்துப் பார்த்த பிறகே தளபாடங்களுக்கு விலை போடுங்கள். காணி உறுதியும் நகைகளும் விற்பனை நாளில் அந்த வீட்டில் இருக்கவே கூடாது.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடுமாதலால், அதற்கு முன், தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்டதை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமையில் விற்பனையை வையுங்கள்.