மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்குப் புழ, ஹொளெ, ஹள்ள, பள்ளம் என்று இத்தனை பெயர்கள் எப்படி வந்தன?

நீங்கள் கேட்டிருக்கும் நான்கும் உண்மையில் இரண்டே சொற்கள். மொழிக்கு மொழி ஒலி மாறியதால் நான்காகத் தெரிகின்றன.

ஹள்ள எளிது. கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற 'ப', 10-ஆம் நூற்றாண்டை ஒட்டி 'ஹ' ஆகத் தொடங்கியது. பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. அப்படியே பள்ளம் ஹள்ள. நீலகிரியில் மாயாற்றில் கலக்கும் சீகூர் ஹள்ளாவுக்கும், கோபி பக்கத்துக் குண்டேரிப்பள்ளத்துக்கும் பெயர் ஒன்றுதான். கொங்கு நாட்டில் பள்ளம் தாழ்ந்த நிலத்தை மட்டும் குறிப்பதில்லை. மழைக்கு மட்டும் தண்ணீர் வரும் ஓடைக்கும் அதுவே பெயர். அந்தியூர் வரட்டுப்பள்ளம், கோவை நகருக்குள் ஓடும் சங்கனூர்ப் பள்ளம் எல்லாம் இந்த வகை. இவற்றின் பெயரில் உள்ள பள்ளத்தை வெறும் குழி என்று படித்தால் நீர்வழி என்பதே மறந்துபோகும்.

ஹொளெயில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதன் மலையாள இணை புழ. நம்பக் கடினமாக இருந்தால் வேறு சொற்களை வைத்துச் சோதியுங்கள். தமிழ் புகை, மலையாளம் புக, கன்னடம் ஹொகெ: முதல் எழுத்து ப-ஹ, உயிர் உ-ஒ, ஈறு ஐ-அ-எ. குடை, குட, கொடெ என்பதிலும் உயிரும் ஈறும் அப்படியே. மழை, மழ, மளெ என்பதில் கன்னடம் ழகரத்தை ளகரமாக்கியது தெரிகிறது. மூன்றையும் சேர்த்தால் புழ, ஹொளெ ஆகாமல் வேறு எதுவாகவும் ஆக முடியாது. இடைப்பட்ட வடிவம் குடகில் இன்றும் உயிரோடு இருக்கிறது: அங்கே பொளெ. குடகிலிருந்து கண்ணூர் மாவட்டத்துக்குள் இறங்கும் பாராபொளெ ஆற்றைக் கேரளத்தில் பாராபுழ என்றும் சொல்கிறார்கள்.

இங்கே நேரும் பிழைகள் இரண்டு. கன்னடத்தில் 'ஹொளெ' என்றால் ஒளிர்வதும்தான். அதனால் 'மின்னும் நீர்' என்று கதை கட்டுகிறார்கள். ஆற்றுப் பெயரில் இருந்தது ழகரம் என்று மலையாள வடிவம் காட்டுவதால் அந்த விளக்கம் நிற்காது. அடுத்தது ஹள்ளவை ஹள்ளியோடு குழப்புவது. ஹள்ளி நம் பள்ளி, ஊர். ஓடைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆங்கில எழுத்து வரைபடத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ல, ள இரண்டும் அதில் ஒன்றாகிவிடும், சில இடங்களில் ழகரமும். கன்னட, மலையாள எழுத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சக்லேஷ்பூர் பக்கத்து எத்தினஹொளெ குடிநீர்த் திட்டத்துக்கு நீர் எடுக்கும் ஓடைகளின் பெயர்களிலேயே இரண்டு சொற்களும் கிடைக்கும்: எத்தினஹொளெ, காடுமனெஹொளெ, கேரிஹொளெ, ஹொங்கடஹள்ள.

ஆறு என்ற சொல்லும் மலையாளத்தில் ஒதுங்கிவிடவில்லை. தொடுபுழ ஊர்ப்பெயராக நிலைத்தபின் அங்கே ஓடும் நதியைத் தொடுபுழயாறு என்றார்கள். அது காளியாற்றோடும் கோதமங்கலம் ஆற்றோடும் சேர, மூன்று ஆறு கூடிய ஆற்றின் பெயர் மூவாற்றுப்புழ.