சாணத்தில் முட்டை இல்லை, மாடு மட்டும் இளைக்கிறது: ஈரல் புழுவைக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: எங்கள் மாடுகள் தண்ணீர் தேங்கும் நிலத்தில் மேய்பவை. இரண்டு மாடுகள் இளைத்துக்கொண்டே போகின்றன. அதில் ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே வீக்கம். ஈரல் புழுவாக இருக்கும் என்று சாணம் கொடுத்துப் பார்த்தோம், முட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒட்டுண்ணி நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதங்களைக் கம்ப்யூட்டர் மூலம் தேடுவதாகப் படித்தேன். அது வந்துவிட்டால் சாணம் பார்க்கும் வேலையே இருக்காதா?

பதில்: இருக்கும். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது, முட்டை இல்லை என்றால் புழு இல்லை என்று அர்த்தமில்லை.

நத்தையிலிருந்து வெளியேறிப் புல்லில் ஒட்டியிருக்கும் குஞ்சுப் புழு, மாட்டின் குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய், பல வாரம் அதைக் குடைந்துகொண்டே வளர்கிறது. பித்தநாளத்துக்குள் நுழைந்து பருவமடைந்த பிறகுதான் முட்டை போடும். ஈரல் புழுவில் ஒரு வகைக்கு இதற்குச் சுமார் 10 முதல் 12 வாரம், வெப்பமான பகுதிகளில் காணும் பெரிய வகைக்கு இன்னும் கூடுதல். அதுவரை சாணத்தில் என்ன தேடியும் பயனில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கம்ப்யூட்டரை நாடுகிறார்கள். ஈரல் புழுவின் மரபணுத் தொகுதி 2015-இல் வெளியானது, மாட்டினுடையது 2009-லேயே வந்துவிட்டது. புழுவின் ஆயிரக்கணக்கான புரதங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றிடமும் சில கேள்விகள் கேட்கலாம். புழு இதை உடலுக்கு வெளியே கக்குகிறதா? குஞ்சுப் பருவத்திலேயே சுரக்கிறதா? மாட்டின் புரதம் எதையாவது ஒத்திருக்கிறதா? இரைப்பையில் வாழும் வேறு தட்டைப்புழுவிடமும் இதே சாயல் இருக்கிறதா? கடைசிக் கேள்வியில்தான் பலதும் அடிபடுகின்றன. அந்த இரைப்பைப் புழுவும் தேங்கிய நீர் உள்ள மேய்ச்சலில்தான் தொற்றுகிறது. இரண்டையும் பிரிக்காத பரிசோதனையால் நமக்கு என்ன லாபம்? இப்படிச் சலித்து மிஞ்சுவதில், எந்தப் பகுதி வெளியே நீட்டிக்கொண்டு எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க மாட்டின் உடல் இரத்தத்தில் உருவாக்கும் புரதம்) பற்றும்படி இருக்கிறது என்று ஊகிக்கவும் மென்பொருள் உண்டு. 2021-க்குப் பிறகு ஆல்ஃபாஃபோல்டு போன்றவை புரதத்தின் முப்பரிமாண வடிவத்தையே கணித்துத் தருகின்றன.

கேதெப்சின் என்ற புரதக் குடும்பம் இதற்கு நல்ல உதாரணம். புழு மாட்டின் திசுவைத் துளைக்கவும் இரத்தத்தைச் செரிக்கவும் பயன்படுத்தும் நொதிகள் இவை. வளர்ந்த புழு கேதெப்சின் எல் வகையில் 1, 2 என்ற உறுப்பினர்களை அதிகம் சுரக்கும். குஞ்சுப் புழுவோ எல் 3-ஐயும் கேதெப்சின் பி-யையும் நம்பியிருக்கும். ஒரே குடும்பம், பருவத்துக்குப் பருவம் வேறு ஆள். எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து, தொற்றை எத்தனை வாரத்தில் பிடிக்கலாம் என்பதும் மாறும்.

சரி, பட்டியல் கிடைத்தால் பரிசோதனை தயாரா? இல்லை. கம்ப்யூட்டர் தருவது ஊகம்தான், அதில் நிறைய தேறாது. புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்து, புழு உறுதியான மாடு, புழுவே இல்லாத மாடு, வேறு புழு உள்ள மாடு என்று மூன்று வகை இரத்தத்திலும் சோதிக்க வேண்டும். இந்த மூன்றாவது வகையில் சோதிக்காமல் ஒருவர் தன் பரிசோதனைக் கிட்டைப் புகழ்ந்தால் நான் நம்பமாட்டேன். இன்னொரு சிக்கலும் உண்டு: புழு செத்த பிறகும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் பல மாதம் தங்கும். எனவே இரத்தப் பரிசோதனை ‘தொற்று வந்தது’ என்று சொல்லும், ‘இப்போது இருக்கிறது’ என்று உறுதி சொல்லாது. அதற்குச் சாணத்தில் புழுவின் புரதத்தையே தேடும் எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. முட்டை வருவதற்குச் சில வாரம் முன்பே இது காட்டிக்கொடுக்கக்கூடும். பார்த்தீர்களா, இதற்கும் சாணம்தான் வேண்டும்.

இனி உங்கள் மாடுகள். தாடை வீக்கம் பெரும்பாலும் நாள்பட்ட பாதிப்பின் அடையாளம். அது ஈரல் புழுவால்தான் என்றால், அந்த மாட்டில் முட்டை போடும் புழு இருந்திருக்க வேண்டும். அதனால் எந்த முறையில் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். உப்புக் கரைசலில் மிதக்கவிடும் வழக்கமான முறையில் தட்டைப்புழு முட்டை சிக்காது, அது கனம். வண்டலாகப் படியவிட்டுத்தான் பார்க்க வேண்டும். முட்டைகள் பித்தப்பையில் தேங்கி விட்டுவிட்டும் வரும் என்பதால், ஒரே நாள் சாணத்தோடு நிறுத்தாமல் சில நாள் இடைவெளியில் மறுபடி கொடுங்கள். மஞ்சள் நிற முட்டை ஈரல் புழுவுடையது, நிறமற்றது இரைப்பைப் புழுவுடையது. இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழுவும், புழுவே அல்லாத சில நாள்பட்ட குடல் நோய்களும் இதே வீக்கத்தைத் தரும், மருத்துவர் அதையும் பார்க்கட்டும்.

மருந்து கொடுக்கும்போது, குஞ்சுப் புழுவையும் கொல்லுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பல மருந்துகள் வளர்ந்த புழுவை மட்டும்தான் கொல்லும். ட்ரைக்ளபெண்டசோல் இரண்டையும் கொல்லும், ஆனால் அதை எதிர்த்து நிற்கும் புழுக்களும் உருவாகிவிட்டன. கறவை மாட்டுக்கு எந்த மருந்து ஆகும், பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். மருந்து கொடுத்து மூன்று வாரம் கழித்து அதே மாடுகளின் சாணத்தைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால், பித்தப்பையில் மிச்சமிருக்கும் பழைய முட்டை வந்து குழப்பும்.