டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய டப்பா பால்

கேள்வி: சிசேரியன் ஆகி 24 நாள் ஆகிறது. பெண் குழந்தை, பிறந்த எடை 2.9 கிலோ. முதல் நாளே "பால் ஊறல" என்று சொல்லி நர்ஸ் டப்பா பால் கொடுத்துவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டிலும் 3 மணி நேரத்துக்கு 30 மில்லி என்று எழுதியிருக்கிறது. இப்போது மார்பில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் அழுகிறாள். எங்க அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்), "ஊட்ட ஊட்டத்தான் ஊறும், டப்பாவைத் தூக்கிப் போடு" என்கிறார். டாக்டர் எழுதியதை நிறுத்தலாமா? – வாசகி, கோபிசெட்டிபாளையம் பக்கம்

பதில்: அம்மிணி, அமுச்சி சொன்னது சரி. ஆனால் டப்பாவை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

உங்களுக்குப் பால் இல்லாமல் போகவில்லை. முதல் நாள் வருவது சீம்பால். சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிறந்த அன்று குழந்தையின் வயிறு ஒரு தேக்கரண்டி அளவுதான் கொள்ளும், அதற்கு அந்தச் சொட்டுகளே போதும். வார்டில் என்ன நடக்கிறது என்றால், மார்பைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, பீறிட்டு வராததால் "பால் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தை தாயின் மனதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டப்பா பாலால் வயிறு நிறைந்த குழந்தை மூன்று மணி நேரம் தூங்கும், மார்பைச் சப்பாது. கட்டுத்தறியில் கன்றை முட்டவிடாமல் மாடு சுரக்குமா? இங்கேயும் அதே கணக்குதான்.

இதை எங்கள் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்களே செய்கிறோம் என்பதுதான் எனக்கு வேதனை. வீட்டுப் பெரியவர்கள் சேனை வைத்தால் (பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைத்தால்) கோபப்படுகிறோம், நாமே புட்டியை நீட்டுகிறோம். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடலாம். ஆனால் தாய் ஓர் அறையிலும் குழந்தை வேறு அறையிலும் கிடக்கிறார்கள். முதல் சில நாளில் எடை சற்றுக் குறைவதும், இரவெல்லாம் அழுவதும் இயல்பு. அதையும் பசி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இத்தனைக்கும், பால் பவுடர் கம்பெனிகள் மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசும் சாம்பிளும் தரக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. காரணம் சொல்லாமல் சீட்டில் டப்பா பால் எழுதினால், "எதற்காக, எத்தனை நாளைக்கு?" என்று தைரியமாகக் கேளுங்கள். எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைவது, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது போன்ற உண்மையான காரணங்களும் உண்டு. அப்போதும் முதலில் யோசிக்க வேண்டியது கறந்த தாய்ப்பாலைத்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. குழந்தையின் சட்டையைக் கழற்றி உங்கள் வெற்று நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அழுது வீறிடும் முன்பே, வாயைத் திறந்து தேடத் தொடங்கியதுமே மார்பில் வையுங்கள். காம்பு மட்டுமல்ல, கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும், தாடை மார்பில் பதிய வேண்டும். தையல் வலித்தால் ஒருக்களித்துப் படுத்தே கொடுக்கலாம். பகலும் இரவுமாக 8 முதல் 12 தடவை. இரவு ஊட்டலை மட்டும் விட்டுவிடாதீர்கள், பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் அப்போதுதான் அதிகம். இரண்டு பக்கமும் கொடுத்த பிறகே டப்பா பால், அதுவும் புட்டியில் வேண்டாம், சங்கு அல்லது பாலாடையில். பிறகு கையால் கொஞ்சம் பால் பீச்சி எடுத்து அதையும் ஊட்டுங்கள்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு நாளைய மொத்த டப்பா பாலில் 50 மில்லி குறையுங்கள். பவுடரைக் குறைத்து நீர்க்கக் கலக்குவது ஆபத்து, அதைச் செய்யவே கூடாது. வாராவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே தராசில் எடை பாருங்கள். வாரத்துக்கு 150 கிராமுக்குக் குறையாமல் ஏறி, நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் தொடர்ந்து குறைக்கலாம். ஏறவில்லை என்றால் டப்பா பாலை மேலும் குறைக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். காம்பில் புண், அல்லது உங்களுக்குத் தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் அவர் பார்ப்பார்.

குழந்தை சோர்ந்து எழும்பாமல் கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.