தொழிலில் ஜெயிக்க அதிக புத்தி வேண்டுமா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழில் தொடங்க, படிப்பில் சுமாரானவரால் முடியுமா என்பது கேள்வி. முடியும்.

அறிவுத்திறனுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பை 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 0.51 என்று கணக்கிட்டார்கள் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு); 2022-இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு திரும்பக் கணக்கிட்டபோது அது 0.31 ஆனது. அதுவும் சம்பள வேலைக்கான கணக்கு, முதலாளிக்கானது இல்லை.

மாங்கூழில் சிக்கலே வேறு. கூழுக்கு ஏற்ற பெங்களூரா மாம்பழத்தின் வரத்து சில மாதங்கள்தான். அதற்குள் வருடத்துக்கான கூழை அரைத்து டின்னில் அடைக்க வேண்டும். பணமெல்லாம் சரக்கில் முடங்கிக் கிடக்கும், வட்டி மட்டும் ஓடும். அப்போது பதறாத மனசும், விவசாயிக்குச் சொன்ன தேதியில் பணம் தரும் நாணயமும்தான் கைகொடுக்கும் (கடன் தர ஆளும் வேண்டும், அதை யாரும் சொல்வதில்லை). கணக்கு வராவிட்டால் ஆள் வைக்கலாம். கூழின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரை மட்டும் நீங்களே பார்க்கப் பழகுங்கள்.