ஸ்டேஷன் வரைக்கும் வண்டி போதும், தம்பி

கேள்வி: அண்ணா, எனக்கு 26 வயது. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே வீடு. கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை, கைக்கு வரும் சம்பளம் 24,000. காலையில் ஷேர் ஆட்டோவுக்குக் கால் மணி நேரம் நின்று, பத்து நிமிடத்தில் ஸ்டேஷன் போய், பிளாட்பாரத்தில் இன்னொரு கால் மணி நேரம், ட்ரெயினில் முக்கால் மணி நேரம், கிண்டியில் இறங்கி இருபது நிமிட நடை. மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். பைக்கில் ஒரு மணி பத்து நிமிடத்தில் போய்விடலாம், பெட்ரோல் மாதம் 3,000தான் ஆகும் என்று கூட வேலை பார்க்கும் நண்பன் சொல்கிறான். 160 சி.சி. வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஆன்ரோடு 1,40,000. முன்பணத்துக்கு 30,000 சேர்த்திருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் எடுத்துவிடு என்கிறார், அம்மா வேண்டவே வேண்டாம் என்று அழுகிறார். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கூடுவாஞ்சேரி

பதில்: தம்பி, வண்டி வாங்குங்கள். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டி வேண்டாம், அதைக் கிண்டி வரைக்கும் ஓட்டவும் வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். மறைமலைநகரிலிருந்து சைதாப்பேட்டைக்கு ஆறு வருஷம் பைக்கில் போய்வந்தவன் நான், அதனால் இதை வெறும் காகிதக் கணக்காகச் சொல்லவில்லை.

முதலில் அந்த 3,000 ரூபாய் பெட்ரோல் கணக்கு. வீட்டிலிருந்து கிண்டி எஸ்டேட் 28 கிலோமீட்டர் என்று வையுங்கள், போகவர 56. மாதம் 25 நாள் என்றால் 1,400 கிலோமீட்டர். 160 சி.சி. வண்டி விளம்பரத்தில் என்ன மைலேஜ் சொன்னாலும், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது 42 கொடுத்தால் நல்ல வண்டி. லிட்டர் 101 ரூபாய் என்று போட்டால் பெட்ரோலுக்கு மட்டும் ஏறக்குறைய 3,370 ரூபாய். நண்பன் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். பைக் வைத்திருக்கும் எல்லோரும் பெட்ரோலை மட்டும்தான் செலவாகச் சொல்வார்கள், ஏனென்றால் அது ஒன்றுதான் வாராவாரம் பர்ஸிலிருந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது.

கண்ணுக்குத் தெரியாதது தவணை. 1,40,000-ல் 30,000 போக 1,10,000 கடன். ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் "எட்டு சதவீதம்தான் சார்" என்று சொன்னால், அது ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா என்று அங்கேயே கேளுங்கள். ஃபிளாட் என்றால் மூன்று வருஷமும் முழு 1,10,000-க்கும் வட்டி போடுவார்கள், நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும். வட்டி 26,400, மாதத் தவணை 3,789. இதையே வங்கிக் கணக்கில், அதாவது குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்று போட்டுப் பார்த்தால் பதினாலரை சதவீதத்துக்குப் பக்கம் வரும். எட்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுப் பதினாலரை கட்டுகிறவர்கள் நிறையப் பேர், நீங்கள் அதில் ஒருவராக வேண்டாம்.

அப்புறம் பராமரிப்பு. மாதம் 1,400 என்றால் வருஷத்துக்கு 16,800 கிலோமீட்டர். வீட்டுக்கும் கடைக்கும் ஓட்டுகிறவர் மூன்று நான்கு வருஷத்தில் ஓட்டுவதை நீங்கள் ஒரே வருஷத்தில் ஓட்டுவீர்கள். மூவாயிரத்துக்கு ஒருமுறை ஆயில், அடிக்கடி பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், மழைக்குப் பிறகு ஏர் ஃபில்டர், ஒன்றேகால் வருஷம், ஒன்றரை வருஷத்துக்குள் பின் டயரும் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டும். மாதம் 1,000 ரூபாய் என்று ஒதுக்கினால் சரியாக இருக்கும், அதற்குக் குறைவாக ஒதுக்கினால் ஏதாவது ஒரு மாதம் கைமாற்று வாங்க வேண்டிவரும். இன்சூரன்ஸிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது: 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 150 சி.சி. வரை வருஷத்துக்கு 714 ரூபாய், அதைத் தாண்டினால் 1,366. வெறும் பத்து சி.சி.க்காக அடுத்த படிக்குப் போய்விடுகிறீர்கள். புது வண்டிக்கு இதை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்டியாக வேண்டும், உங்கள் ஆன்ரோடு விலைக்குள் அது இருக்கிறது. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் தனி, அதற்கு மாதம் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பாருங்கள். 8,300-ஐத் தாண்டுகிறது, உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இப்போது உங்களுக்கு ஆவது ஷேர் ஆட்டோவுக்கு மாதம் 1,000, சீசன் டிக்கெட்டுக்கு 300-க்குள், ஆக 1,300. வித்தியாசம் 7,000 ரூபாய். அதற்குக் கிடைப்பது ஒரு வழிக்கு 35 நிமிடம், மாதத்துக்கு 29 மணி நேரம். ஒரு மணி நேரத்தை 240 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். உங்கள் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்கு 120 ரூபாய்தான் வருகிறது. தவணை முடிந்தால் செலவு குறையுமே என்று கேட்பீர்கள், குறையும்தான். ஆனால் அன்றைக்கு உங்கள் வண்டி 50,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும், எஞ்சினில் பெரிய வேலைகள் வரத் தொடங்கும் நேரம் அது.

பணத்தை விடுங்கள், உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, சந்தோஷமாகத்தான் ஓட்டினேன். அப்புறம் இடது உள்ளங்கையில், கட்டை விரலுக்குக் கீழே, கிளட்ச் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு விழுந்தது. ஆபீஸ் போனதும் கைக்குட்டையை நனைத்து முகம் துடைத்தால் மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புக் கோடு கைக்குட்டையில் அப்படியே பதியும். சாயங்காலம் ஏழு மணிக்கு, எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த உடம்போடு, பெருங்களத்தூர் நெரிசலில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் காலை ஊன்றி ஊன்றி நகர்வது இருக்கிறதே, அந்த நேரத்தில்தான் கவனம் போகும். ஒரு ஐப்பசி மழையில் வண்டலூர் தாண்டித் தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளம் தெரியாமல் முன் சக்கரம் இறங்கி நான் விழுந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் சட்டென்று பிரேக் அடித்ததால் மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு தப்பினேன். மூன்று வாரம் வேலை இல்லை, அந்த மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நின்றது.

அதனால் அம்மா அழுவதை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூ வீலரில் போனவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இன்னொன்று, உங்கள் சம்பளம் 21,000-ஐத் தாண்டிவிட்டதால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டின் வரம்புக்கு வெளியே இருக்கிறீர்கள். கால் உடைந்தால் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் கையிலிருந்துதான். வண்டியோடு சேர்த்து எடுக்கச் சொல்லும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், எலும்பு முறிவுக்கு மருத்துவமனைப் பில் கட்டாது. கம்பெனியில் குரூப் மெடிக்கல் பாலிசி இருக்கிறதா என்று எச்.ஆர்.-இடம் இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால் பைக் தவணைக்கு முன்னால் அதுதான் எடுக்க வேண்டியது.

சரி, அப்போது என்ன செய்வது? உங்கள் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நேரம் எங்கே வீணாகிறது என்று பாருங்கள். ட்ரெயினில் இல்லை. ட்ரெயின் முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது, ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த பைக்கும் காலை எட்டரை மணிக்கு அதைவிடப் பெரிதாக ஒன்றும் வேகமாகப் போகாது. நேரம் போவது வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கும் மூன்று கிலோமீட்டரில். ஷேர் ஆட்டோ எப்போது வரும் என்று தெரியாததால்தான் எந்த ட்ரெயினைப் பிடிப்பது என்றும் உங்களால் முடிவு செய்ய முடியவில்லை. செங்கல்பட்டு வண்டிகள் தாம்பரம் வண்டிகளைப்போல அடுத்தடுத்து வருவதில்லை, ஒன்றை விட்டால் கால் மணி நேரம், இருபது நிமிடம் போய்விடுகிறது.

ஒரு பழைய 100 சி.சி. வண்டி வாங்குங்கள். நல்ல நிலையில் இருப்பது 40,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும், உங்களிடம் 30,000 இருக்கிறது, இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் கடனே தேவையில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எட்டு, பத்து நிமிடம். வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, நேரம் பார்த்துவைத்த ட்ரெயினுக்கு ஐந்தாறு நிமிடம் முன்னால் பிளாட்பாரத்தில் நிற்கலாம். மொத்தம் ஒரு மணி இருபது நிமிடம், கிண்டி வரைக்கும் பைக்கில் போவதைவிடப் பத்து நிமிடம்தான் அதிகம், அதிலும் முக்கால் மணி நேரம் கைகள் சும்மா இருக்கும். ஸ்டேஷனுக்கும் மற்ற சில்லறை வேலைகளுக்கும் சேர்த்து மாதம் 300 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் 600, பராமரிப்பு 250, ஸ்டாண்ட் வாடகை 400-க்குப் பக்கம், சீசன் 300. இன்றைக்கு ஆவதைவிடச் சில நூறு ரூபாய்தான் கூடும். ஸ்டாண்டில் மாதப் பாஸ் உண்டா, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் ஆள் இருப்பார், மேலே கூரை இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னாலேயே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

பழைய வண்டி பார்க்கும்போது காலையில் போங்கள், வருவதாக முன்கூட்டியே மணி சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. போனதும் எஞ்சின்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சின் எத்தனை உதையில் பிடிக்கிறது என்பது மறைந்துவிடும், ஆறட்டும் என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். செயினைக் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் ஒரு அங்குலம்தான் ஆட வேண்டும், அதிகமாகத் தொங்கினாலும், ஸ்ப்ராக்கெட் பல் கூர்மையாகச் சாய்ந்திருந்தாலும் செட் மாற்ற வேண்டும், அதை விலையில் கழியுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அது நீக்கப்பட்ட பிறகுதான் பணம். பாக்கி சலான் இருக்கிறதா என்று எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பர் போட்டுப் பார்த்துவிடலாம். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றுங்கள், இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று விட்டு, விபத்து நடந்த பிறகு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று கிலோமீட்டர்தானே என்று ஹெல்மெட் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, முழு முகமும் மூடுவது, வாரைக் கழுத்தில் மாட்டிய பிறகு பின்பக்கத்திலிருந்து தூக்கினால் கழன்று வராதது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கும் ஒன்று, பின்னால் உட்காருகிறவருக்கும் சட்டப்படி கட்டாயம். மழைக்குச் சட்டை, பேன்ட் தனித்தனியாக இருக்கும் கோட் வாங்குங்கள், ஒரே தொங்கலாக இருப்பது காற்றில் பறந்து சக்கரத்தில் மாட்டும்.

அக்கா வீட்டுக்காரர் மின்சார ஸ்கூட்டர் எடு என்றும் சொல்லக்கூடும். தினமும் 56 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அதில் பெட்ரோல் காசு நன்றாக மிச்சமாகும், ஆறு கிலோமீட்டருக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடத்துக்குப் போகிறவராக இருந்தாலோ, இரண்டாம் ஷிப்ட் முடிந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெளியே வருகிறவராக இருந்தாலோ, ஒரு நாளைக்கு நாலு இடம் சுற்றும் சேல்ஸ் வேலையாக இருந்தாலோ நானே முழு வழிக்கும் பைக் எடுக்கச் சொல்லியிருப்பேன், அங்கெல்லாம் ட்ரெயின் உதவாது. உங்கள் வீடும் வேலையும் ஒரே ரயில் பாதையில் இருக்கிறது, இந்த வசதிக்காக வாடகை கூடக் கொடுத்துக் குடிவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அக்கா வீட்டுக்காரரின் வண்டியை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்குங்கள், அம்மாவிடமும் ஸ்டேஷன் வரைக்கும்தான் என்று சொல்லிவிடுங்கள். திங்கள் முதல் சனி வரை வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எந்த ட்ரெயின் கிடைத்தது, கம்பெனி கேட்டில் எத்தனை மணிக்குக் கார்டு பஞ்ச் செய்தீர்கள் என்று ஃபோனில் குறித்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறிப்பையும் என் கணக்கையும் பக்கத்தில் வைத்து அக்கா வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரு மணி இருபது நிமிடம் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.