மொட்டு உதிரும் செம்பருத்தி, போகாத கோரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: தொட்டிச் செம்பருத்தி நிறைய மொட்டு வைக்கிறது, ஆனால் விரியும் முன்பே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விடுகிறேன். என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். முதலில் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்து கிடக்கிறதே என்று ஊற்றிக்கொண்டே இருப்போம், அடியில் சொதசொதவென்று இருக்கும். சில தொட்டிகளில் நேர்மாறாக, மண் இறுகி ஓரத்தில் இடைவெளி விழுந்து, ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்தச் சந்து வழியாக அடித்துளைக்கு ஓடிவிடும், வேர் நனையவே நனையாது. இரண்டிலும் செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். சொதசொதப்பு என்றால் ஓரிரு நாள் தண்ணீரை நிறுத்தி, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மண் இறுகியிருந்தால் மேலாகக் கிளறிவிட்டு, நிதானமாக இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள்.

தண்ணீர் சரியாக இருந்தும் உதிர்கிறதா? ஒரு மொட்டைப் பறித்து, காம்பு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் சந்தேகம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் இருக்கும், தின்ன வரும் பொறிவண்டைக்கூட விரட்டிவிடும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி வாரம் ஒருமுறை அடியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான், உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும்.

கேள்வி: பூச்செடிகளுக்கு நடுவே கோரை. பிடுங்கப் பிடுங்க அதிகமாகிறது. உப்புத் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: உப்பு வேண்டவே வேண்டாம், கோரையோடு சேர்ந்து மண்ணும் கெட்டுப்போகும், பூச்செடியும் போய்விடும்.

தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாகத் தட்டுப்படும். புல் தண்டு அப்படி இருக்காது. இது புல் இனமே இல்லை, அதனால் புல்லுக்கென்று இருக்கும் களைக்கொல்லியும் இதனிடம் பலிப்பதில்லை. மண்ணுக்கடியில் கறுப்பாகச் சின்னச் சின்னக் கிழங்குகள், மெல்லிய நாரில் கோத்த மணிமாலை மாதிரி தொடர்ந்து போகும். மேலே பிடித்து இழுத்தால் மாலை அறுந்து, அதுவரை தூங்கிக்கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கும். நீங்கள் பிடுங்கப் பிடுங்க அதிகமானது இதனால்தான். மண்ணை ஈரமாக்கி, களைக்கொத்தால் அரை அடி ஆழம் தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். தப்பியது மறுபடி தலைகாட்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, புதுக் கிழங்கு வைக்கும் முன் எடுத்துவிட்டால் கிழங்கில் உள்ள சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். ஒரு பருவமாவது விடாமல் செய்ய வேண்டிய வேலை இது, குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. கோரைக்கு நிழல் ஆகாது, எனவே காலி இடத்தில் அடர்ந்து படரும் செடியை வையுங்கள். எடுத்த கிழங்கை மட்டும் உரக்குழியில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: காகிதப்பூச்செடி தழைத்து நிற்கிறது, பூ இல்லை.

பதில்: தண்ணீரும் தழைச்சத்தும் கூடிவிட்டது. நல்ல வெயிலில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: இந்த வெயிலில் புதர்ச்செடிகளைக் கவாத்து செய்யலாமா?

பதில்: காய்ந்த குச்சி, வாடிய பூ எடுக்கலாம். பெரிய வெட்டு வேண்டாம், இதுவரை நிழலில் இருந்த தண்டு திடீரென வெயில் பட்டு வெந்துவிடும். வெயில் தணியட்டும்.