பெயர் ஒன்றாயிருந்தால் பிள்ளை மாறுமா?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். எங்கள் தோட்டத்திலேயே அதே பெயரும் அதே முதலெழுத்தும் உள்ள இன்னொரு பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே நாளைத்தான் குறித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிவிடுமோ என்று சம்பந்தியம்மா பயப்படுகிறார். மச்சம் பார்த்து வைத்துக்கொண்டால் போதாதா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: அம்மா, சுகமாகப் பிறந்த குழந்தையை நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பொதுவாகத் தாயின் அருகிலேயே விட்டுவிடுவதால் இந்தப் பயத்துக்கு அதிகம் இடமில்லை. தாய்ப்பாலுக்காக வந்த அந்த வழக்கமே பிள்ளைக்கு நல்ல காவலாகவும் அமைந்துவிட்டது. சத்திரசிகிச்சையின் பின்னரோ, குறைமாதக் குழந்தையை விசேட பராமரிப்புப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போதோ, பிள்ளை தாயின் கண்ணை விட்டு மறையும் வேளைகளில்தான் கவனம் வேண்டும்.

ஆகவே, பிள்ளை பிரசவ அறையை விட்டு வெளியேறுமுன்பே அடையாளப் பட்டி கட்டப்பட வேண்டும். அதில் தாயின் பெயர் மட்டும் இருந்தால், உங்கள் மகளைப் பொறுத்தவரை கட்டியும் கட்டாததற்குச் சமம். தாயின் பதிவிலக்கம், பிறந்த திகதி, நேரம், ஆணா பெண்ணா என்பவையும் வேண்டும். சிங்களத்தில் எழுதியிருந்து வாசிக்கத் தெரியாவிட்டால், வாசித்துக் காட்டும்படி தாதியைக் கேட்க மகள் கூச்சப்பட வேண்டியதில்லை. பிள்ளையைத் திரும்பக் கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இலக்கத்தைத் தன்னுடையதோடு ஒத்துப் பார்க்கட்டும். முதல் சில நாட்களில் பிள்ளையின் நிறை 10 வீதம் வரை குறையக்கூடும் என்பதால் பட்டி தளர்ந்து கழன்றுவிடலாம். கழன்றால் தாங்களே மாட்டிவிடாமல் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். கண்ணூறுக்குக் கறுப்புக் கயிறு கட்ட வருகிற பாட்டிமார் பட்டியில் கை வைக்காதிருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

மச்சத்தை நம்ப வேண்டாம். இடுப்பின் கீழே தெரியும் நீலத் திட்டு நம் பிள்ளைகளில் மிகச் சாதாரணம். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் இருக்கக்கூடும். இரத்த வகையோ, சிலவேளை ‘இவர்கள் பிள்ளையல்ல’ என்று காட்டுமேயொழிய ‘இவர்களுடையதே’ என்று நிரூபிக்காது. மெய்யாகவே சந்தேகம் எழுந்தால் மரபணுப் பரிசோதனைதான் தீர்க்கும். 2004 சுனாமியின்போது கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, ‘81ஆம் இலக்கக் குழந்தை’ என்று அறியப்பட்ட பிள்ளையின் பெற்றோர் யாரென்பதை 2005 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியதும் அதுவே. ஆனால் சந்தேகத்தை வீட்டுக்குச் சுமந்து வராமல், டிக்கட் வெட்டுமுன்பே வார்ட்டில் சொல்லிவிட வேண்டும்.

அதே பெயரில் இன்னொரு தாய் இருக்கிறார் என்பதை, அடுத்த கிளினிக்கிலேயே மருத்துவமாதுவிடம் சொல்லி, இருவரின் அட்டையிலும் குறித்துவைக்கச் செய்யுங்கள்.